பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடத்தான் வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை அறிவித்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கம்ப்யூட்டர் வைத்திருப்போர் புதிது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் யோசனை.

மும்பையில் நம்மவர் பலர் பிள்ளைகளின் படிப்புக்காக லாமிங்டன் ரோட்டில் செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இது சாமானியச் செலவா?

இதில் விந்தை ஒன்று உண்டு. இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ7 பிராசஸர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதைவிட மெதுவான எட்டாம் தலைமுறை செலரானை ஏற்கிறது. ஆக, வேகம் பிரச்னையல்ல. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும், கம்பெனியின் அங்கீகாரப் பட்டியலும்தான் குறுக்கே நிற்கின்றன. ஓடுகிற வண்டியைக் கண்டம் செய்வது என்பது இதுதான்!

மாற்று வழி லினக்ஸ். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது. விலை கிடையாது, மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம். இது நிபுணர்களின் சமாசாரம் என்று ஒதுக்குவோர் கேரளத்தைப் பார்க்கட்டும். அங்கே அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே நடக்கிறது.

லினக்ஸில் ரகங்கள் ஏராளம். விண்டோஸில் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் தோதானது. நினைவகம் 4 ஜி.பி. இருந்தால் அதன் எக்ஸ்.எப்.சி.இ. பதிப்பு போதும், 22-வது வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. 2 ஜி.பி. மட்டுமே என்றால் லுபுண்டுவை முயலலாம். ஆனால் இன்றைய இணையதளங்கள் அதில் திணறும். மிகப் பழைய 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கு வழி குறுகிவருகிறது. டெபியன்கூட 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-வது பதிப்பில் அவற்றில் நிறுவும் வசதியை எடுத்துவிட்டது.

கடிதம், கணக்குத் தாள், ரயில் முன்பதிவு, பிள்ளைகளின் ஆன்லைன் பாடம் எல்லாம் லினக்ஸில் நடக்கும். தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம்; பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு அது தனி லாபம். ஆனால் டேலியில் கணக்கு எழுதிப் பிழைப்பவர் லினக்ஸுக்குத் தாவக்கூடாது. டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. சில பிரிண்டர்களும் தகராறு செய்யும்.

இதையெல்லாம் சோதிக்க விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. மின்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கிப் பார்க்கலாம். வைபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் சரியாக இருந்த பிறகே நிறுவ வேண்டும். அதற்கு முன் குடும்பப் படங்களையும் சான்றிதழ் நகல்களையும் வேறு டிஸ்கில் பிரதி எடுத்துவிடுங்கள். நிறுவும்போது முழு டிஸ்கையும் கொடுத்தால் பழையது அத்தனையும் அழிந்துவிடும்.