கிராவல் ரோடும் சைக்கிளும்: கீரனூர்ப் பக்கம் உலகுக்குச் சொல்லும் பாடம்

சைக்கிள் பந்தயம் என்றால் வழுவழுப்பான தார் ரோட்டில்தான் நடக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இப்போது அப்படி இல்லை. கல்லும் சரளையும் கிடக்கிற கிராவல் ரோட்டில் சைக்கிள் விடுவது வெளிநாடுகளில் பெரிய மோகம் ஆகிவிட்டது.

அமெரிக்காவில் கான்சாஸ் என்று ஒரு மாநிலம். அங்கே 2006-ம் ஆண்டில் கிராவல் ரோட்டுப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2022-ல் இத்தாலி நாட்டில் கிராவல் ரோட்டுக்கென்றே உலகச் சாம்பியன் போட்டி முதன் முதலாக நடந்தது. இந்த ரோட்டுக்கென்று தனி சைக்கிளும் வந்துவிட்டது. லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள சைக்கிள்களும் அதில் உண்டு.

"பணக்கார நாட்டுப் பொழுதுபோக்கு. இதில் நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நமக்கும் இதில் பங்கு உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் இதே மாதிரி ரோட்டில், இதைவிடப் பெரிய காரியத்துக்காக, 1991-லேயே சைக்கிள் விட்டார்கள். அந்தக் கதையைப் பார்ப்பதற்கு முன், ஸ்பெயின் நாட்டுக்கு ஒரு நடை போய் வருவோம்.

ரயில் ஓடாத பாதை

ஸ்பெயின் நாட்டின் தெற்கே அண்டலூசியா என்ற பகுதி இருக்கிறது. மத்தியதரைக் கடலை ஒட்டிய மலை நாடு. கோடையில் வறட்சி, மழைக் காலத்தில் பசுமை. அந்த மலைகளைக் குடைந்து சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். 1936-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. வேலை நின்றது. கடைசி வரையில் அந்தப் பாதையில் ஒரு ரயில்கூட ஓடவில்லை!

ஆனால் பாதை வீணாகவில்லை. 1993-ல் ஸ்பெயினில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கைவிடப்பட்ட ரயில் பாதைகளை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரிய பாதைகளாக மாற்றும் திட்டம் அது. இந்த மலைப் பாதையும் அதில் சேர்ந்தது. ஒல்வேரா என்ற ஊரிலிருந்து புவேர்ட்டோ செர்ரானோ என்ற ஊர் வரை 36 கிலோமீட்டர். வழியில் 30 சுரங்கங்கள், 4 பெரிய பாலங்கள். இடையில் ஒரு பாறை மலை. அதில் கழுகுகள் கூட்டமாகக் கூடு கட்டி வாழ்கின்றன. ரயில் நிலையங்களாகக் கட்டிய கட்டடங்கள் இன்று சாப்பாட்டு விடுதிகள். ரயில் தராத பிழைப்பைச் சைக்கிள் தந்தது!

கீரனூருக்குத் தெற்கே

இனி நம் ஊருக்கு வருவோம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் இருப்பது கீரனூர். குளத்தூர் தாலுகாவின் தலைநகர். அதற்குத் தெற்கே நார்த்தாமலை. பொட்டல் வெளியில் யானைகள் படுத்திருப்பது போலப் பாறைக் குன்றுகள். மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் என்ற பழைய கற்கோவில் நிற்கிறது. இன்னும் தெற்கே போனால் ஓவியங்களுக்குப் பேர் போன சித்தன்னவாசல். அதற்கு அப்பால் சங்கீதக் கல்வெட்டு உள்ள குடுமியான்மலை. கீரனூரிலிருந்து குடுமியான்மலை வரை நேர்கோட்டில் அளந்தால் 25 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இந்த ஊர்களுக்கெல்லாம் தார் ரோடு உண்டு. ஆனால் ஊருக்கும் வயலுக்கும், ஊருக்கும் கல் குவாரிக்கும், கண்மாய்க் கரைக்கும் போகிற வழி பல இடங்களில் இன்னும் செம்மண் பாதை அல்லது கிராவல் பாதைதான். வெளிநாட்டுக்காரர்கள் தேடிப் போகிற பாதை நமக்கு வாசலிலேயே கிடக்கிறது.

பால்காரர் சைக்கிள்

சரளையில் சைக்கிள் விடுவதன் சூட்சுமம் டயரில் இருக்கிறது. டயர் மெல்லியதாக இருந்தால் மணலில் புதையும், கல்லில் வழுக்கும். டயர் அகலமாக இருந்தால் பாரம் பரவும், சைக்கிள் சறுக்காது. தார் ரோட்டுப் பந்தய சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம். கிராவல் சைக்கிளின் டயர் சுமார் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை.

நம் பால்காரர் ஓட்டுகிற பழைய கறுப்பு சைக்கிளைப் பாருங்கள். அதன் டயர் ஒன்றரை அங்குலம். கணக்குப் போட்டால் 38 மில்லிமீட்டர்! மேல்நாட்டார் இப்போது கண்டுபிடித்த அகலம் நம் ஊர் சைக்கிளில் முன்பே இருந்தது. காரணம் எளிது. கரடுமுரடான ரோட்டுக்காகவே செய்த சைக்கிள் அது. எடை அதிகம், கியர் கிடையாது. ஆனால் இரண்டு பால் கேன்களையும் ஒரு புல்லுக் கட்டையும் சுமந்துகொண்டு சரளையில் போகும்.

1991-ல் நடந்தது

இந்தக் கனமான சைக்கிளில்தான் புதுக்கோட்டைப் பெண்கள் ஏறினார்கள்.

1991-ல் மாவட்டம் முழுவதும் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தரும் இயக்கம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். சொல்லித் தரவும் கற்கவும் பெண்கள் வெளியே வர வேண்டும். ஆனால் பஸ் சில வேளைகளில்தான் வரும். நடந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். விவசாயக் கூலிகள் வந்தார்கள். குடுமியான்மலைப் பக்கம் கல்லுடைக்கும் பெண்கள் வந்தார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். அவர்கள் காதில் போட்டுக் கொள்ளவில்லை. பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். நடுவில் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைத்துக் கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டையில் ஊர்வலம் போனார்கள்.

பத்திரிகையாளர் பி.சாய்நாத் நேரில் வந்து பார்த்து எழுதினார். சைக்கிள் கற்ற கிராமப் பெண்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல் என்பது அவர் தந்த கணக்கு. பத்து வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகளை விட்டுவிட்டால், கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவர்!

தூரம் குறைந்தது

சைக்கிளால் என்ன லாபம்? தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டலாம். விளைந்ததை இன்னொரு ஊர்ச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். அண்ணனோ கணவனோ வரும்வரை காத்திருக்க வேண்டாம். வேலையை முடித்துச் சீக்கிரம் வீடு திரும்பலாம்.

படிப்புக்கும் இது உதவும். பீகார் அரசாங்கம் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதன் பலனை ஆராய்ந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களில்தான் பலன் மிகுதி. பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தியதில் தூரத்துக்கும் பெரிய பங்கு இருந்தது.

தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தரும் திட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குக் கிடைத்தது. பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது.

தார் போட்டால் போதுமா?

இப்போது காலம் மாறிவிட்டது. ஸ்கூட்டர் பெருகிவிட்டது. 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இது நல்ல காரியம். ஆனால் பஸ் ரோட்டோரம் வரைதான் வரும். ரோட்டிலிருந்து வீட்டுக்கும் வயலுக்கும் போகிற வழி அப்படியேதான் இருக்கிறது.

ரோடு அகலமானால் வேகம் கூடுகிறது. காரும் லாரியும் பறக்கிற ரோட்டின் ஓரத்தில் பதினாறு வயதுப் பெண்ணைச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? அவளுக்குப் பத்திரமான வழி பின்னால் இருக்கிற கிராவல் பாதைதான். அந்தப் பாதை கெட்டால் இலவசமாக வந்த சைக்கிள் திண்ணையில் சாய்ந்து நிற்கும்.

கிராவல் பாதையைக் கெடுப்பது தண்ணீரும் வேகமும். நடு உயர்ந்து இரு பக்கமும் சரிந்து இருந்தால் மழைநீர் ஓடிவிடும். நடு பள்ளமானால் நீர் தேங்கும், மண் கரையும், கல் மட்டும் மிஞ்சும். வண்டிகள் வேகமாகப் போகப் போக, பாதை துணி துவைக்கும் பலகை போல அலை அலையாக எழும். மழைக்குப் பின் மேடு சேர்த்து, ஓர வாய்க்காலைத் தூர் எடுத்து, கனரக வண்டிகளை வேறு வழியில் திருப்பினால் பாதை நிலைக்கும்.

முதலில் யாருக்கு?

கீரனூரிலிருந்து நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை என்று ஒரு சைக்கிள் பாதை அமைத்தால் என்ன? அமைக்கலாம். வெளியூரார் வந்தால் டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நாலு காசு கிடைக்கும். பாறை மீதும் பழைய கோவில்களின் ஓரத்திலும் சைக்கிளை ஏற்றக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாக வைக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்பெயினில் பாதை முன்பே இருந்தது. ஆள் பின்னால் வந்தார்கள். இங்கே ஆள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள். நாற்று நடப் போகிற அம்மா இருக்கிறார். பாதைதான் சீராக வேண்டும். அவர்கள் பயமில்லாமல் போகிற பாதையில் சுற்றுலாக்காரரும் சுகமாகப் போகலாம். சுற்றுலாக்காரருக்கு மட்டும் போட்ட பாதை பெரும்பாலும் பள்ளிக்கூட வாசலைத் தொடாது.

எனவே கிராம சபைக் கூட்டத்தில் தெருவிளக்கைக் கேட்பது போல இதையும் கேளுங்கள்: "எங்கள் ஊர்ப் பெண் பிள்ளை சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்ச் சேர வழி எது? அந்த வழி மழைக்குத் தாங்குமா?" 1991-ல் பெண்கள் சைக்கிள் விடக் கற்றார்கள். பாதையைச் செப்பனிட்டுக் கொடுப்பது ஊரின் கடமை.