எஞ்சினுக்கு அளக்கிறீர்கள், எங்கள் மூச்சுக்கு?

தூய ஆற்றல், ஒளி உணரி, நீடித்த தொழில் வளர்ச்சி. இன்றைக்குப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி வாங்கித் தருகிற சொற்கள் இவைதான். இந்த ஆய்வுகளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அண்ணல் அம்பேத்கர் இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மலிவான மின்சாரம் வறுமையை ஒழிக்கும் வழிகளில் ஒன்று என்று பார்த்தவர் அவர். நமக்கு விஞ்ஞானம் வேண்டும். ஆனால் இந்தக் கருவிகள் எதை அளக்குது, யாருக்காக அளக்குது என்று கேட்கிற உரிமையும் வேண்டும்.

ஒரே ஒரு வாயுவை எடுத்துக்கொள்வோம். மலமும் கழிவும் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் வரும், கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். நம்ம சனம் விஷவாயு என்று சொல்வது இதைத்தான். காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் போய்த் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைக்கிற நேரம்தான் சாவு நேரம். 500, 700 என்று ஏறினால் சில நிமிடங்களில் ஆள் சரிவான். 1000 பங்கு என்றால் ஓரிரு மூச்சு போதும். அண்ணன் விழுந்தான் என்று தம்பி இறங்குகிறான், தம்பி விழுந்தான் என்று மச்சான் இறங்குகிறான். ஒரே குழியில் மூன்று பிணம் என்று செய்தி வருவது இதனால்தான்.

இதே வாயு பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனதும் இதன் சாதி மாறிவிடுகிறது. அங்கே இதன் பெயர் பயோகேஸ். தூய ஆற்றல்! சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் இந்த வாயுவில் மின்சாரம் எடுக்க எஞ்சின்கள் நிறுவப்பட்டன. ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த வாயுவை அப்படியே எரித்தால் அமிலம் உண்டாகி எஞ்சினை அரித்துவிடும். அதனால் வாயுவைக் கழுவி, சல்ஃபைடைப் பிரித்து, அளந்து பார்த்துத்தான் எஞ்சினுக்குள் விடுவார்கள். மீத்தேன் குறிப்பிட்ட அகச்சிவப்பு ஒளியை விழுங்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு புறஊதா ஒளியை விழுங்கும். எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்தால் எவ்வளவு வாயு என்று தெரிந்துவிடும். ஒளி உணரியின் வேலை இவ்வளவுதான்.

ஆக, அளக்கத் தெரியாமல் இல்லை. எஞ்சின் அரித்துப்போகும் என்றால் அளக்கிறார்கள். அந்த வாயு கிளம்பி வருகிற குழியில் இறங்குகிறவனுக்கோ தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்ப்பதும், கரப்பான் பூச்சி உயிரோடு ஓடுதா என்று பார்ப்பதும்தான் சென்சார். மீத்தேன் நிறைந்த குழியில் தீக்குச்சி போட்டால் என்ன ஆகும் என்று எந்த விஞ்ஞானியைக் கேட்டாலும் சொல்வார். எஞ்சினுக்கு விலை உண்டு, சொந்தக்காரன் உண்டு. குழிக்குள் இறங்குகிறவனுக்குச் சாதி மட்டும்தான் உண்டு. நமஸ்தே திட்டத்தில் ஒன்றிய அரசு எடுத்த கணக்கை 2024இல் பாருங்கள். சாக்கடை, செப்டிக் டேங்க் வேலை செய்கிறவர்கள் என்று பதிவான சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காடு பட்டியல் சாதியினர். இது நாம் போட்ட கணக்கல்ல, அரசு போட்ட கணக்கு.

தொழிற்சாலைக் கதையும் இதேதான். 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கடுமையாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் கழிவை இடைவிடாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. தோல் பதனிடும் தொழிலும் அதில் ஒன்று. அதற்கு அடுத்த ஆண்டு, 2015 சனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். குழாய் வாயில் வருகிற நீரை அளக்கச் சட்டம் வந்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் மனுசன் தூங்குறானே, அதை அளக்க எந்தக் கருவி? ஆலை நீடிக்க வேண்டும், ஏற்றுமதி நீடிக்க வேண்டும், தொழிலாளி மட்டும் நீடிக்க வேண்டாமா?

கருவிக்குச் சாதி கிடையாது, ஒளிக்கு நிறம் கிடையாது என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. கொரோனா காலத்தில் விரலில் மாட்டினார்களே, ரத்த ஆக்சிஜன் பார்க்கும் கருவி, அதுவும் ஒளி உணரிதான். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலைக் கடந்து போகும். தோல் கறுப்பாக இருந்தால் கருவி தப்பாகக் காட்டுகிறது என்று 1990லேயே ஆய்வு வந்தது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கோடு நிறுவினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், ரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இறங்கியிருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பரிடம் 11.7 விழுக்காடு. மூச்சு முட்டுகிறவனைப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கே’ என்றது கருவி. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாருடைய விரலை நினைத்துக் கருவியைச் செய்தார்கள் என்பதுதான் விசயம்.

ஆகவே ஆய்வுக்கூடத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பது வேலைவாய்ப்புப் பிரச்சினை மட்டுமல்ல, எந்தக் கேள்வி ஆய்வாகும் என்ற பிரச்சினை. 2019இல் மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் அதன் 4ஆம் பிரிவு ‘உன்னத’ நிறுவனங்கள் என்று ஒரு பட்டியலைப் போட்டு விலக்குக் கொடுத்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒளியையும் பொருளையும் ஆராய்கிற இடங்களின் வாசலில் இடஒதுக்கீட்டை நிறுத்திவிட்டு, விஞ்ஞானம் எல்லாருக்கும் பொது என்கிறார்கள். கழிவைத் தொட்டவன் கேள்வியைத் தொடக் கூடாதா?

‘ரோபோ வந்துடுச்சே’ என்பார்கள். வந்தது. 2018இல் கேரள இளைஞர்கள் பாண்டிகூட் செய்தார்கள். சென்னை ஐஐடியில் செப்டிக் டேங்குக்காக ஹோமோசெப் செய்தார்கள். அதில் சஃபாய் கர்மசாரி அந்தோலனும் சேர்ந்து நின்றது. போராடுகிற மக்கள் கேள்வி கேட்டால் ஆய்வு எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு இது சாட்சி, வரவேற்கிறேன். ஆனால் கருவி தானாக யாரையும் காப்பாற்றாது. 1815இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைச் செய்தார். வலைக்குள் எரியும் சுடர் நீலமாக நீண்டால் மீத்தேன், மங்கினால் ஆக்சிஜன் இல்லை. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் உணரி அது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? விளக்கு இருக்கிறதே என்று, ஆபத்தானது என ஒதுக்கி வைத்திருந்த சுரங்கங்களுக்குள்ளும் ஆளை இறக்கினார்கள். வெடி விபத்துகள் ஓயவில்லை.

இங்கேயும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளிலேயே, தவிர்க்க முடியாமல் ஆள் இறங்க நேர்ந்தால் கொடுக்க வேண்டிய கருவிகளில் நான்கு வாயுக்களைக் காட்டும் மானி இருக்கிறது. சாவுக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. பிணத்துக்கு விலை ஏறுது, மானி மட்டும் குழிக்கு வர மாட்டேங்குது. கான்ட்ராக்டரைக் கேட்டால் நகராட்சியைக் கைகாட்டுவான், நகராட்சி கான்ட்ராக்டரைக் கைகாட்டும்.

மாணவத் தோழர்களே, நம் கோரிக்கைகள் மூன்று. மனிதன் குழியில் இறங்குவது முற்றாக ஒழிய வேண்டும். மானி என்பது இறங்க அனுமதிச் சீட்டு அல்ல, இறங்க மறுக்கிறவன் கையில் இருக்க வேண்டிய சாட்சி. பொதுப் பணத்தில் நடக்கும் ஆற்றல், சூழல் ஆய்வுகளின் தலைப்பைத் தீர்மானிக்கும் குழுக்களில் துப்புரவுத் தொழிலாளர் சங்கங்கள் உட்கார வேண்டும். ஆலைக் கருவிகள் காட்டும் அளவுகளைத் தொழிலாளியும் ஊர்ச்சனமும் தமிழில் படிக்கும்படி ஆலை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

உங்க கல்லூரியிலிருந்தே ஆரம்பிங்க. தூய ஆற்றல் கருத்தரங்கு நடக்கும் கட்டடத்தின் செப்டிக் டேங்கை யார் சுத்தம் செய்கிறார்கள், எந்தக் கான்ட்ராக்டில், வாயு மானி வாங்கிய ரசீது எங்கே? 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்க. வருகிற பதிலை அந்தக் கருத்தரங்கின் மேடையிலேயே வாசிங்க.