அடுப்பு மேசைக்கு வந்துவிட்டது, சித்தி நிற்கிறார்

மகள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் வயதில் இளையவன் எங்களோடு சாப்பிட வந்த பையன்தான். ஆகவே இடுக்கியும் கத்தரிக்கோலும் அவன் கைக்குப் போயின. கொரியாவில் கூட்டமாக வெளியே சாப்பிடப் போனால் பெரும்பாலும் இதுதான் வழக்கம். இளையவர் கறி சுடுவார், பெரியவர்களுக்குப் பானத்தை இரண்டு கையாலும் பிடித்து ஊற்றுவார். கடைக்குட்டிக்கு அவர்கள் பாஷையில் மங்னே என்று பெயர்.

இடம் புசான் நகரத்தின் குவாங்கால்லி கடற்கரை. ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. இரண்டாம் எண் மெட்ரோவில் குவாங்கான் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் மணல், பிறை போல வளைந்து கிடக்கிறது. எதிரே 2003-இல் போக்குவரத்துக்குத் திறந்த ஈரடுக்குப் பாலம், 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடலின் குறுக்கே கோடு கிழித்தாற்போல நிற்கிறது. நாகப்பட்டினத்தில் பிறந்தவளுக்கு முதல் பார்வையில் எரிச்சல்தான் வந்தது. கடற்கரைக்கு வந்தால் தொடுவானம் தெரிய வேண்டாமா? இருட்டிப் பாலத்தில் விளக்கு எரிந்ததும் எரிச்சலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கடல் தெரிகிற கடையில் விலை ஏறும் என்று மகள் ஒரு தெரு உள்ளே தள்ளிக் கூட்டிப்போனாள். வட்டமான தகர ஸ்டூல். உட்காரும் பலகையைத் தூக்கினால் உள்ளே டப்பா போலக் குழி. கைப்பை, மேல்சட்டை எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடி, அதன்மேல் உட்கார வேண்டும். துணியில் புகை வாசனை ஏறாதாம். என் சால்வையையும் போட்டேன். மேசை நடுவில் குழி, குழிக்குள் கரி நெருப்பு, மேலே கம்பி வலை. கூரையிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய் இறங்கிப் புகையை உறிஞ்சிக்கொள்கிறது.

சம்கியோப்சல் என்றால் மூன்று அடுக்குச் சதை. பன்றியின் வயிற்றுப் பகுதி. கொழுப்பும் சதையும் மாறி மாறி வரும். எங்கள் வீட்டில் பன்றிக்கறி புழக்கத்தில் இல்லை, ஆனால் சாப்பிடாதே என்று யாரும் சொன்னதும் இல்லை. பட்டை பட்டையாக வலையில் கிடந்ததைப் பையன் ஒருமுறை புரட்டிவிட்டுக் கத்தரிக்கோலால் நறுக்கினான். கறிக்குக் கத்தரிக்கோலா என்று முகம் சுளித்தவள், மூன்றாவது நாளே மகள் வீட்டில் கோழியைக் கத்தரிக்கோலால் வெட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கவர்ந்தது கறியைவிட வலையின் ஓரத்தில் கொதித்த ஒரு சின்னக் கிண்ணம். மூடியை எடுத்ததும் எங்கள் ஊர்க் கருவாட்டுக் கடைத் தெருவே எழுந்து வந்தது. உப்பில் ஊறிப் புளித்த நெத்திலி! அதில் பூண்டும் பச்சை மிளகாயும் மிதக்கின்றன. புசான் நகரத்துக்குள்ளேயே அடங்கிய கிஜாங், நெத்திலிக்குப் பெயர் போன இடம். இளவேனிலில் திருவிழாவே எடுக்கிறார்கள். கறித்துண்டை இதில் முக்கி, கீரை இலையில் வைத்து, சோயாவும் மிளகாயும் சேர்ந்த விழுதைத் தடவி, ஒரு பூண்டுச் சில்லு சேர்த்துப் பொட்டலம் போல மடித்துப் பையன் என்னிடம் நீட்டினான். முதல் பொட்டலம் வயதில் மூத்தவளுக்கு. "ஒரே வாய்ல போடணும்மா, கடிக்கக் கூடாது" என்றாள் மகள். வாய் நிறைந்து கண்ணில் நீர் வந்தது. மரியாதைக்குக் கூட அப்போது ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

பொட்டலம் இறங்கியதும் ஒன்று கவனித்தேன். சுடுகிறவனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நடுநடுவே தனக்கும் ஒன்று மடித்துக்கொள்கிறான், பேச்சில் சிரிக்கிறான். எழுந்து போகவே இல்லை. என் அம்மா சூடான தோசையை உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்த நினைவில்லை. அடுப்பு கொல்லைப்புறம், பந்தி கூடத்தில். நடுவில் அவர் நடை. அடுப்பை மேசைக்கே கொண்டுவந்துவிட்ட இந்த ஊரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். இதுவரை எழுதியதும் அதுதான்.

ஆனால் மேசையில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் 'டிங்' என்று மணி. வலை கருகினால் மணி, இலை தீர்ந்தால் மணி. ஒவ்வொரு மணிக்கும் என் வயதோ கூடவோ இருக்கும் ஓர் அம்மாள் வந்தார். எரியும் நெருப்பின் மேலிருந்த வலையைக் கொக்கியால் தூக்கிப் புதிய வலை போட்டார். எங்கள் மேசைக்கு மட்டும் நான்கு முறை. இலைக்கும் பூண்டுக்கும் தனிக் காசில்லை, கேட்கக் கேட்கத் தருவார்கள். அவர் பதினோரு மேசை பார்த்தார். எண்ணுவது வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் பணம் எண்ணியவளின் கெட்ட பழக்கம்.

அவரை எல்லோரும் இமோ என்று கூப்பிட்டார்கள். அம்மாவின் சகோதரி, அதாவது நம் சித்தி, பெரியம்மா. என்ன அன்பான ஊர் என்று போய்வந்தவர்கள் இதைச் சிலாகிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சித்தியிடம் வேலை சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை, அவ்வளவுதான். மருத்துவமனையில் ஆயாம்மா என்று கூப்பிட்டு வேலை வாங்குகிற நமக்கு இது தெரியாததல்ல.

அந்த வயதில் ஏன் இத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள்? எனக்குப் பென்ஷன் வருகிறது, அதனால் இந்தக் கேள்வி உறுத்துகிறது. தென்கொரியாவில் தேசிய ஓய்வூதியத் திட்டம் 1988-இல்தான் தொடங்கியது. நகரங்களில் சிறு கடை, சொந்தத் தொழில் என்று இருந்தவர்களை அது எட்டியது 1999-இல். அந்தக் காலத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்த பெண் எதைக் கட்டியிருப்பாள்? 65 வயதைத் தாண்டிய கொரியர்களில் 10 பேருக்கு ஏறத்தாழ 4 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்கிறது ஓஇசிடி. பணக்கார நாடுகளின் அந்த அமைப்பில் இது மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. வசதி குறைந்த முதியோருக்கு 2014 முதல் அரசு தரும் அடிப்படை ஓய்வூதியம், 2025-இல் தனி ஆளுக்கு மாதம் அதிகபட்சம் சுமார் 3,40,000 வோன். நாங்கள் நால்வர் சாப்பிட்டதற்கு 1,12,000 வோன். மூன்றில் ஒரு பங்கு. அந்த அம்மாள் கடை முதலாளியாகவே இருக்கலாம், நான் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பாஷையும் இல்லை.

அந்த அம்மாளைப் போல நின்று வேலை செய்பவருக்கு இருக்கை வைக்க வேண்டும் என்ற விதி அங்கும் இருக்கிறது. 2008-இல் பேரங்காடிக் காசாளர்களுக்கு நாற்காலி கேட்டு ஓர் இயக்கமே நடந்தது. நம் ஊரில் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கினோம். தீபாவளி நேரத்து ஜவுளிக்கடையில் எத்தனை பேர் அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்? நாற்காலி வைப்பது சுலபம். மணியை யார் எத்தனை முறை அழுத்தலாம் என்பதற்குத்தான் எந்த ஊரிலும் விதி இல்லை. என் யோசனை சின்னது: இலை வேண்டுமென்றால் நாமே எழுந்து போய் எடுத்துக்கொள்ளலாம். இப்படி எடுத்துக்கொள்ள ஒரு மூலையில் தட்டு வைத்திருக்கும் கடைகள் கொரியாவிலேயே நிறைய உண்டு. இளையவன் சுடுவது வழக்கம் என்றால், இளையவன் நடப்பதும் வழக்கமாகட்டுமே.

சாப்பிட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தோம். சனிக்கிழமை இரவுகளில் நூற்றுக்கணக்கான ட்ரோன்களைப் பறக்கவிட்டு வானத்தில் படம் போடுகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. குளிர்ந்தபோதுதான் தெரிந்தது, சால்வை ஸ்டூலுக்குள்ளேயே இருக்கிறது. கடை நிரம்பி வழியும் நேரம், நாளைக்குப் பார்க்கலாம் என்றாள் மகள்.

மறுநாள் நாலு மணிக்குப் போனேன். கதவில் 'பிரேக் டைம்' அட்டை. கண்ணாடி வழியே பார்த்தேன். நேற்று நாங்கள் இருந்த மேசைக்கு அடுத்ததில் ஐந்து பெண்கள், நடுவில் ஒரு பெரிய சட்டி, எல்லோர் கரண்டியும் அதற்குள். வலையில்லாத குழியில் நெருப்பில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டார். வாய் நிறையச் சோறு. கையை உயர்த்தி ஐந்து விரலைக் காட்டினார், ஐந்து மணிக்கு வா என்று. எழுந்து வரவில்லை. நான் பலமாகத் தலையாட்டிவிட்டு மணலுக்கு நடந்தேன்.