மருந்து சந்தைக்கு வரும், மக்களுக்கு வருமா?



ஆடிக் கிருத்திகை தோறும் கனகம்மாசத்திரத்தைக் கடந்து திருத்தணிக்குச் செல்லும் காவடிகளைக் கண்டிருப்பீர்கள். மலையேற 365 படிகள். அவற்றுள் ஒரு படியும் ஏற இயலாத இளைஞர்கள் நம்மிடையே உண்டு. கிழவர்களல்லர், இருபது வயதுக் காளையர்! ஹீமோபிலியா என்னும் பிறவி நோய் அவர்களை முடக்கிவிட்டது. குருதி உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணி அவர்தம் உடலில் இல்லை. அடிபடாமலே முழங்கால் மூட்டுக்குள் குருதி கசியும், மூட்டு வீங்கும், நாளடைவில் மடங்காது, நிமிராது.

இந்நோய்க்கு விடை தேடும் அறிவு கடல் கடந்துதான் வரவேண்டுமோ? இல்லை! 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் ஐந்து நோயாளிகளின் குருதியிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தனர். குறைபட்ட மரபணுவுக்கு ஈடான நல்ல மரபணுவை அவற்றில் புகுத்தி, மீண்டும் அவர்கள் உடலிலேயே செலுத்தினர். அதன்பின் ஆய்வுக் காலத்தில் ஐவருக்கும் குருதிக் கசிவு ஏற்படவில்லை. 2024 டிசம்பரில் உலகப் புகழ் பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் இதனை வெளியிட்டது.

ஐவர் நலம் பெற்றது பெருமை. ஆனால் ஐவர் ஐவரே! இன்னும் பலரிடம், பல்லாண்டு சோதித்துத் தேற வேண்டும். அவசரம் ஆகாது. ஆனால் ஒரு கேள்வியை இன்றே கேட்டாக வேண்டும்: தேறியபின் விலை வைப்பவர் யார்?

இதே நோய்க்கான மரபணு மருந்துக்கு 2023-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று வைத்த விலை 29 இலட்சம் டாலர். நம் கணக்கில் இருபது கோடி ரூபாய்க்கும் மேல்! மும்பை ஐ.ஐ.டி.யில் பிறந்து 2023-இல் அனுமதி பெற்ற புற்றுநோய் உயிரணுச் சிகிச்சை, அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. பாராட்டுவோம். எனினும் அதுவும் நாற்பது இலட்ச ரூபாய் அளவில் நிற்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்போ குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம். பள்ளிப்பட்டு விசைத்தறித் தொழிலாளி மீதித் தொகைக்கு எங்கே போவார்?

"இலாபமின்றி எவர் முதல் போடுவார்?" என்பர். முதலில் முதல் போட்டவர் யார்? வேலூர் குருத்தணு ஆய்வு மையத்துக்கு வளமூட்டியது மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை. அதாவது மக்களின் வரிப்பணம்! விதைத்தவன் பட்டினி, விற்றவன் விருந்து என்பது நீதியா?

விலை எட்டாத இடத்தில் வேறொரு கொடுமையும் முளைக்கிறது. மெய்யான மருந்து கிட்டாதவனைப் பொய் மருந்து அழைக்கிறது. "குருத்தணு ஊசி, சகல நோயும் தீரும்" என்று விளம்பரம் செய்து, நிலத்தை விற்ற பணத்தையும் விழுங்குவோர் உளர். அங்கீகரிக்கப்பட்ட குருதி நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர, பிறவற்றை ஆய்வுக்கு வெளியே விற்பது தகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-லேயே நெறி வகுத்தது. குருத்தணு மருந்தும் மரபணு மருந்தும் அனுமதி பெற்றே விற்கத்தக்க புது மருந்துகள் என்றன 2019-ஆம் ஆண்டு விதிகள். விதி ஏட்டில் உறங்கினால் வேட்டைக்காரனுக்கே வாழ்வு!

எனவே நம் கோரிக்கை மூன்று. மக்கள் பணத்தில் விளைந்த சிகிச்சையைத் தனியாரிடம் ஒப்படைக்கும்போதே விலை வரம்பை ஒப்பந்தத்தில் எழுதுக! தேறிய சிகிச்சைக்குக் காப்பீட்டில் தனி நிதி ஒதுக்குக! பொய்ச் சிகிச்சை நிலையங்களை இழுத்து மூடுக!

தோழர்களே, இச்செய்தியைத் தெருமுனைக் கூட்டங்களில் பேசுங்கள். விளம்பரத்தில் மயங்கும் அண்டை வீட்டாரிடம் எடுத்துரையுங்கள். முடங்கிய முழங்கால்கள் நாளை பிறக்கும் பிள்ளைகளுக்கு வேண்டாம். அவர்கள் அந்த 365 படிகளையும் தம் கால்களாலேயே ஏறட்டும்!