லாஸ்ட் நேம் கட்டத்துல என்ன போடுறீங்க?

ப்ளேஸ்மென்ட் போர்ட்டல்ல 'லாஸ்ட் நேம்' கட்டத்துக்குப் பக்கத்துல சிவப்பு நட்சத்திரம் இருக்கும். அப்பா பேரை அடிச்சுட்டு நகர்ந்துடுவோம். தமிழனுக்குக் குடும்பப் பெயரே கிடையாதுன்னு ஒரு நினைப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் அது பாதிதான் உண்மை.

இங்கிலாந்துல 1881 மக்கள்தொகைக் கணக்கை வச்சு, எந்தக் குடும்பப் பெயர் எங்கே குவிஞ்சிருக்குன்னு வரைபடம் போடுறாங்க. அபூர்வமான பெயர்னா ஏதாவது ஒரு வட்டாரத்துல போய் நிக்கும். நம்ம டெல்டாவுலயும் அப்படித்தான். பூண்டின்னா வாண்டையார். கபிஸ்தலம்னா மூப்பனார். கொஞ்சம் தெற்கே போனா புதுக்கோட்டைத் தொண்டைமான். கள்ளர் பட்டப்பெயர்கள் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கு. அப்பா வழியா வரும். ஒரே பட்டம்னா பங்காளி, பொண்ணு குடுத்து எடுக்க மாட்டாங்க. குடும்பப் பெயருக்கு வேற என்ன இலக்கணம் வேணும்? நடுக்காவேரியில் பிறந்த ந.மு. வேங்கடசாமி நாட்டார் 'கள்ளர் சரித்திரம்' நூலில் இந்தப் பட்டங்களைத் தொகுத்தே வச்சிருக்கார்.

அவர் பேர்ல இருக்கிற 'நாட்டார்' என்ற சொல்லையே எடுத்துக்குங்க. சோழர் கல்வெட்டுகளில் அது சாதி இல்லை. நாடு என்ற நிலப்பிரிவின் சபையினர். 'ராயர்'னு முடியுற பட்டங்களை அரசன் கொடுத்தான். ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன் வாங்கின பட்டம் மும்முடிச்சோழ பிரம்மராயன், அவர் பிராமணர். மூப்பனார் இன்னிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட சமூகங்கள்ல இருக்கு. பாதிக்குப் பாதி பழைய பதவிப் பெயர்கள், அவ்வளவுதான் (நம்ம 'கிளாஸ் ரெப்' மாதிரின்னு வச்சுக்குங்களேன்). இதுல ரத்தப் பெருமை எங்கேருந்து வந்துச்சு? பைக் பின்னாடி ஸ்டிக்கரா ஒட்டுற நண்பர்களைத்தான் கேக்குறேன்.

1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. நம்ம கட்டம் காலியா இருக்க அதுவும் ஒரு காரணம். அதை நான் இழப்பா நினைக்கல. பட்டத்தைப் பேர்ல இருந்து எடுத்ததால வரலாறு அழிஞ்சுடாது, ஆவணத்துல இருக்கும்.

எனக்கு உறுத்துறது வேற. இந்த வரைபடத்துல நிலம் வச்சிருந்தவங்கதான் பளிச்சுன்னு தெரிவாங்க. அதே நிலத்துல நாத்து நட்டு, களம் அடிச்சவங்க பேருக்குப் பின்னால யாரும் 'ஆர்' போட்டதில்லை. அவங்க எந்த ஊர்லேருந்து எந்த ஊருக்குப் போனாங்கன்னு எந்தப் பட்டத்தை வச்சுத் தேடுவீங்க? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டேட்டா இல்லைன்னு புலம்புறவங்க, ஊருக்குப் போகும்போது பாட்டிகிட்ட உட்காருங்க. குலதெய்வம் எங்கே, வாக்கப்பட்டு வந்தது எந்த ஊர்லேருந்துன்னு கேட்டு, ஒரு எக்செல் ஷீட்ல போட்டு வைங்க.