எலுமிச்சைத் தோப்பில் கூடாரம்

எலுமிச்சைச் சந்தையால் பெயர்பெற்ற புளியங்குடியின் தோப்புகளில், நிலையான கட்டடம் எழுப்பாமல் துணிக்கூடாரங்களில் விருந்தினரைத் தங்கவைக்கும் கூடார விடுதித் தொழில், குற்றாலச் சாரல் வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில், காய் விலை சரிந்து பறிகூலிக்கே கட்டுப்படியாகாத சிறு உழவருக்குத் துணை வருமானமாகக்கூடும் என்பதால் வரவேற்கத்தக்கதே. ஆயினும் முதலீட்டுக்கு முன்னதாக எண்ண வேண்டியது இடம். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, காட்டோர விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். புளியங்குடிக்கு மேற்கே உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் தென்னங்குருத்தையும் வாழையையும் மாம்பழத்தையும் தேடி யானைகள் இரவில் தோட்டங்களுக்குள் இறங்குகின்றன. பழுத்த பலாவின் வாசம் தொலைவிலிருந்தே அவற்றை ஈர்க்கும், கித்தான் சுவரோ எதையும் தடுக்காது. எனவே, கூடாரங்களை இயன்றவரை மலையடித் தோட்டங்களில் அமைக்காமல், ஊருக்குக் கிழக்கே கண்மாய்ப் பாசன வயல்களை ஒட்டி அமைப்பதும், எச்சில் உணவை அன்றன்றே குழியிலிட்டு மூடுவதும், மலையடி நிலங்களில் வனத்துறையின் கருத்தைக் கேட்ட பின்னரே உள்ளாட்சி அமைப்பு உரிமம் வழங்குவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.