மஞ்சள் நோட்டீஸ் மானக்கேடு அல்ல

“ஐ.பி. கொடுத்துட்டானாம்.” திருப்பூர் டீக்கடைகளில் இதைச் சொல்லும்போது எல்லோருக்கும் குரல் தானாகத் தணியும். ஒருவருக்குத் தீராத நோய் என்று சொல்லும்போதுகூட அவ்வளவு தணியாது. ஐ.பி. என்றால் நீதிமன்றத்தில் போடும் திவால் மனு. அதை மஞ்சள் நோட்டீஸ், மஞ்சக் கடுதாசி, திவால் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: ஆள் முடிந்தான், அவன் பேச்சை நம்பாதே, அவன் வீட்டில் பெண் எடுக்காதே. இந்த வசைக்கு இணையாக ஒரு புகழ்ச்சியும் புழங்குகிறது. “பொண்டாட்டி தாலியை அடகு வெச்சாவது ட்யூ கட்டிப்போட்டான், நாணயமான மனுசன்.”

வசையைவிட அந்தப் புகழ்ச்சிதான் அதிகக் குடும்பங்களை அழித்திருக்கிறது என்பது என் எண்ணம். கட்ட முடியாத வீட்டுக்கடனை எப்பாடுபட்டாவது கட்டிக்கொண்டே இருப்பதுதான் நாணயம், முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது மோசடி என்ற நம்பிக்கை நம்மிடம் வேரோடிக் கிடக்கிறது. அது பொய்யான நம்பிக்கை. அதன் விலை என்ன என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் சித்தப்பா பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுத்தவர். பன்னிரண்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. 2021 கடைசியில் முப்பது லட்சம் கடன் வாங்கி வீடு வாங்கினார். 20 வருடத் தவணை, 6.75 சதவீத வட்டி, மாதம் 22,800 ரூபாய். பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் கையெழுத்து வைத்தார். அடுத்த ஆண்டு நூல் விலை ஏறியது, ஆர்டர் குறைந்தது. அதே நேரத்தில், 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை, ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. மிதக்கும் வட்டி என்பதால் சித்தப்பாவின் கடன் 9.25 சதவீதத்துக்குப் போனது. தவணை 27,500 ஆனது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். அப்போது நின்ற 29 லட்சம் பாக்கிக்கு 9.25 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டும் 22,350 ரூபாய் சொச்சம். அவர் முதலில் ஒப்புக்கொண்ட 22,800 ரூபாய்த் தவணை ஏறக்குறைய முழுவதும் அந்த வட்டிக்கே போய்விடும். அதையே கட்டிக்கொண்டிருந்தால் அசல் பெயருக்குத்தான் குறையும். வாக்குக் கொடுத்தவன் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊர் சொல்கிறது. சித்தப்பா வாக்குக் கொடுத்தது 22,800 ரூபாய்க்கு. பத்திரத்தில் ‘வட்டி மாறுதலுக்கு உட்பட்டது’ என்ற வரி இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வரி என்ன செய்யும் என்பதை எண்ணில் போட்டு யாரும் அவருக்குக் காட்டவில்லை. வட்டி மாறும்போது தவணையை உயர்த்தவோ காலத்தை நீட்டிக்கவோ நிலையான வட்டிக்கு மாறவோ கடனாளிக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சுற்றறிக்கை விட்டதே 2023 ஆகஸ்டில்தான்.

பதினான்கு மாதம் அந்த 27,500-ஐக் கட்டினார். எப்படிக் கட்டினார்? முதலில் சித்தியின் நகை அடகுக்குப் போனது. அடுத்து மகளிர் குழுக் கடன், சித்தி பெயரில். பிறகு ஏலச்சீட்டைப் பாதி விலைக்குத் தள்ளி எடுத்தார். கடைசியில் மீட்டர் வட்டி. மொத்தம் 3 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கட்டியதில் அசலில் கழிந்தது எழுபதாயிரம் சொச்சம். மீதி முழுக்க வட்டி. ஒன்பது சதவீதக் கடனைக் காப்பாற்ற, அதைப் போலப் பல மடங்கு வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார். ஊர் இதைத்தான் நாணயம் என்று மெச்சியது.

அந்தப் பதினான்கு மாதத்தின் தொடக்கத்தில் வீட்டை 42 லட்சத்துக்குக் கேட்டு ஒரு பார்ட்டி வந்தது. விற்றிருந்தால் வங்கிக்கு 29 லட்சம் போக 13 லட்சம் கையில் நின்றிருக்கும், நகையும் மிஞ்சியிருக்கும். “குடிபோய் ரெண்டு வருசத்துல வீட்டை வித்தா ஊரு என்ன பேசும்?” என்றார். கடைசியில் வங்கி ஏலத்தில் 33 லட்சத்துக்குப் போனது. அதற்குள் ஏறியிருந்த வட்டி, செலவு எல்லாம் கழித்து அவர் கைக்கு வந்தது ஒன்றுமில்லை. வெளிக்கடன் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் நின்றது.

சட்டத்தில் கால அவகாசம் இல்லாமல் இல்லை. 90 நாள் தவணை நிலுவையானால் வாராக்கடன் என்று வகைப்படுத்துவார்கள். அதன் பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏல அறிவிப்பு வெளியாகும்வரை முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கலாம். இந்த மாதங்கள்தான் கடனாளியின் சொத்து. கிளைக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டிக்கச் சொல்ல, ஒரே தடவையில் தீர்க்கப் பேரம் பேச, அல்லது வங்கிக்குச் சொல்லிவிட்டு நல்ல விலைக்குத் தானே வீட்டை விற்க இதுதான் நேரம். வங்கி கேட்டதெல்லாம் கொடுத்துவிடாது. ஆனால் கேட்காதவனுக்கு அதுவும் இல்லை. என் சித்தப்பா கிளை இருக்கும் தெருவையே சுற்றிப் போனார். பதிவுத் தபாலைப் பிரிக்காமல் பீரோவில் வைத்தார். அவரைப் பேசவிடாமல் செய்தது வங்கி இல்லை. முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் மனுசனாக மதிக்க மாட்டார்கள் என்ற பயம்.

இன்னொரு பயம் ஜெயில். வீட்டுக்கடன் கட்டவில்லை என்பதற்காகப் போலீஸ் வந்து பிடித்துப்போக முடியாது. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத் தீர்த்து வைத்தார்: வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுப்பவனைத் தவிர, வெறும் இல்லாமைக்காக ஒருவரைச் சிவில் சிறையில் வைப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கு விரோதம். பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்யவே சட்டம் இடம் தரவில்லை. வசூல் ஆட்கள் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஏழு மணிக்குப் பின்போ கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. செக்கோ இ.சி.எஸ்.ஸோ பணமில்லாமல் திரும்பினால் மட்டும் கவனம் வேண்டும், அதில் குற்ற வழக்குப் போட முடியும்.

இப்போது அந்த மஞ்சள் நோட்டீசுக்கு வருகிறேன். சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுத் திவால் சட்டம், வழக்கு உயர் நீதிமன்றத்தில். மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். ஐ.பி. போட்டால் வீடு தப்பிக்கும் என்று சொல்லும் புரோக்கரை நம்பாதீர்கள். தப்பிக்காது. அடமானம் வைத்திருக்கும் வங்கியின் கையை இந்தச் சட்டம் கட்டாது. ஜாமீன் போட்டவரையும் இது விடுவிக்காது. அவரை நினைத்துப் பார்க்காமல் மனுப் போடுவது துரோகம். இது பயன்படும் இடம் வேறு. வீடு போன பிறகும் நிற்கும் பாக்கி, தனிநபர்க் கடன், கைமாற்று, சீட்டுப் பணம் என்று நாலு பக்கமும் இழுக்கும் கடன்களுக்கு ஒரு முற்றுப்புள்ளி வேண்டுமே, அதற்கு. மனு ஏற்கப்பட்டால் இருப்பதெல்லாம் நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். கடன்காரர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். பிறகு கடனாளி விடுவிப்புக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நடத்தை சரியில்லை என்றால் நீதிமன்றம் மறுக்கும்.

ஐ.பி. போட்டு ஊரை ஏமாற்றியவர்கள் உண்டு. சொத்தைச் சம்பந்தி பெயருக்கு மாற்றிவிட்டு மனுப் போட்டவர்களை எனக்கே தெரியும். சீட்டுப் பிடித்த அக்காவும் பால்காரரும்தான் நஷ்டப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் திவாலுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அப்படி இனாமாக மாற்றியதை ரத்து செய்ய அதே 1920-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இன்னொன்றையும் யோசியுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போகிறவனிடம் அந்த அக்காவுக்கு என்ன கிடைக்கும்? மீட்டர் வட்டிக்காரன் மிரட்டி முதலில் பிடுங்கிக்கொள்வான், பொறுமையாக இருந்தவள் ஏமாறுவாள். என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, எல்லோருக்கும் பொதுவில் பிரித்துக்கொள்ளுங்கள் என்று நீதிமன்றத்தில் ஒருவன் சொல்வதைவிட நேர்மையான காரியம் கடன்பட்டவனுக்கு வேறு இருக்கிறதா?

கம்பெனி என்றால் இதையெல்லாம் நாம் கேட்பதே இல்லை. வீடியோகான் குழுமத்தின் 13 நிறுவனங்கள் மீது ஏற்கப்பட்ட கடன் கோரிக்கை சுமார் 64,800 கோடி ரூபாய். 2021 ஜூனில் மும்பையிலுள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்த திட்டம் 2,962 கோடிக்கு. கிட்டத்தட்ட 96 சதவீதம் தள்ளுபடி! மறு ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. ஆனால் கடன் கொடுத்த வங்கிகளில் பெரும்பான்மை அந்தத் திட்டத்துக்கு முதலில் வாக்களித்தவைதாம். மில் நொடித்தால் ‘தொழிலில் அடி’ என்கிறோம், தையல்காரர் நொடித்தால் ‘ஏமாத்துக்காரன்’ என்கிறோம்.

நாட்டின் சட்டமும் அந்த ஓரவஞ்சனையோடுதான் இருக்கிறது. திவால் சட்டத் தொகுப்பு 2016-இல் நிறைவேறியது. கம்பெனிகளுக்கான பகுதி உடனே வேலை செய்யத் தொடங்கியது. தனிநபர்களுக்கான மூன்றாம் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. சம்பளக்காரருக்கும் சிறு தொழில்காரருக்கும் வரவே இல்லை. வந்தாலும், அதில் ‘புதிய தொடக்கம்’ என்று ஒரு சலுகை இருக்கிறதே, அது ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் போகாதவருக்கு, 35,000 ரூபாய்க்கு உட்பட்ட கடனுக்கு, சொந்த வீடு இல்லாதவருக்கு மட்டும். கடனில் வீடு வாங்கி மூழ்கும் குடும்பம் சட்டம் எழுதியவர்கள் கண்ணிலேயே படவில்லை. வெள்ளைக்காரன் காலத்து இரண்டு சட்டங்களை வைத்துக்கொண்டுதான் இப்படிப்பட்ட குடும்பங்கள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பத்தின் நான்கு உயிர்கள் போயின. இரண்டு பேர் குழந்தைகள். கடனைவிட உயிர் பெரிது என்று அன்றைக்கு எல்லோரும் பேசினோம். அடுத்த வாரமே யாரோ ஒருவரைப் பற்றி “ஐ.பி. கொடுத்துட்டானாம்” என்று குரலைத் தாழ்த்தவும் செய்தோம்.

சித்தப்பா இப்போது பல்லடத்துப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார். வேறொருவரின் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வெளியே வரும்போது கேட்டுக்கு எதிரில் மீட்டர் வட்டிக்காரரின் பைக் நிற்கும். போன மாதம் சித்தப்பாவிடம் பேசினேன். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவசமாக வக்கீல் தருவார்கள், மகளிர் குழுக் கடனுக்குச் சித்தியும் தனியாகக் கேட்கலாம், பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, நான் கூட்டிப் போகிறேன் என்றேன். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மனுப் போட்டா ஊருக்குத் தெரியுமா கண்ணு?”

தெரியும் சித்தப்பா, கடன் கொடுத்த எல்லோருக்கும் நோட்டீஸ் போகும் என்றேன்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றார். இன்னும் சொல்லவில்லை.